மாடிக்குப் போனால் வைஃபை ஏன் படுத்துவிடுகிறது?

கூடத்தில் 300 எம்பிபிஎஸ், மாடியில் 90. இத்தனைக்கும் சிக்னலை மாடிக்குக் கடத்தும் மெஷ் பெட்டி பக்கத்திலேயே இருக்கிறது. போனில் சிக்னல் கோடுகளும் முழுசாக நிற்கின்றன. அந்தக் கோடுகளை நம்பாதீர்கள். போனுக்கும் மாடிப் பெட்டிக்கும் நடுவில் உள்ளதை மட்டுமே அவை காட்டும்.

கோளாறு, மாடிப் பெட்டிக்கும் கீழே உள்ள தாய்ப் பெட்டிக்கும் (ரவுட்டர்) நடுவில். ஒரே சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மாடிப் பெட்டி கீழிருந்து வாங்கி, அதே காற்றில் போனுக்கும் கொடுத்தால், ஒரே தரவு இரண்டு முறை பயணிக்கிறது. வேகம் ஏறக்குறைய பாதி. குறுக்கே கம்பி கட்டிய கான்கிரீட் தளம் வேறு. 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் நன்றாக அடிவாங்கும்.

சிக்னல் செத்த அறையிலேயே பெட்டியை வைப்பதுதான் பலர் செய்யும் தப்பு. வாங்கவே வழியில்லாதது எதைக் கொடுக்கும்? பாதி வழியில், மாடிப்படி ஓரம் வையுங்கள். முடிந்தால் ஈதர்நெட் கேபிளே இழுத்துவிடுங்கள்.

கேபிள் இழுத்தும் வேகம் 94-ஐத் தாண்டவில்லையா? கேபிளின் முனையைப் பாருங்கள். உள்ளே எட்டுக் கம்பிகள் இருக்கும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கு கம்பி போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். எங்கள் வீட்டில் பழுப்புக் கம்பி ஒன்று பின்னைத் தொடாமல் நின்றிருந்தது.