வாக்கைத் தபாலில் அனுப்பலாமா?

கொடிகாமத்துத் தாய் ஒருத்தியின் மகன் கொழும்புக் கடையொன்றிற் கணக்கெழுதுகிறான் என்று வைத்துக்கொள்வோம். தேர்தல் நெருங்குகிறது. “தம்பி தன் வாக்கைத் தபாலில் அனுப்பினாற் போதாதோ?” என்று அவள் வினவுகிறாள். வினா நியாயமானதே. எனினும், அதற்குச் சட்டம் இடந்தரவில்லை.

நம் நாட்டில் தபால் மூல வாக்கு எல்லோர்க்கும் உரியதன்று. தேர்தற் கடமையிலுள்ள அரசாங்க உத்தியோகத்தர், பொலிசார், முப்படையினர் முதலியோர்க்கே உரியது. அவர்களும் முன்னரே விண்ணப்பித்து, குறித்த நாளில் அத்தாட்சி அலுவலர் முன்னிலையில் இரகசியமாகப் புள்ளடியிடல் வேண்டும்.

ஆகவே, மகன் ரயிலோ பஸ்ஸோ ஏறி ஊருக்கு வந்தாக வேண்டும். அவன் எழுத்தில் கேட்டால், சம்பளம் வெட்டாமல் நான்கு மணித்தியாலத்துக்குக் குறையாத விடுமுறையை முதலாளி அளித்தல் வேண்டும். தூரத்தைச் சொல்லிக் கூடுதலாகவும் கேட்கலாம்.

தாய்க்கும் ஒரு வேலை உண்டு. வாக்காளர் இடாப்பில் வீட்டார் பெயரெல்லாம் உள்ளனவா என்று கிராம உத்தியோகத்தரிடம் காலத்தோடு பார்த்துவிடவேண்டும். வாக்காளர் அட்டை வந்து சேராவிடினும், இடாப்பிற் பெயரும் கையில் தேசிய அடையாள அட்டையும் இருந்தால் வாக்களிக்கலாம். பாராளுமன்றத் தேர்தலாயின் முதலிற் கட்சிக்குப் புள்ளடி. பின்னரே மூவர் வரைக்கும் விருப்பு வாக்கு. கட்சிக்கு இடாத சீட்டு வீண்.

1931 இல் சர்வசன வாக்குரிமை கிடைத்த வேளையிற் பகிஷ்கரிப்பால் வடக்கின் நான்கு ஆசனங்கள் வெறுமையாயின. அவை 1934 இலேயே நிரம்பின. 2005 சனாதிபதித் தேர்தலில் யாழ். மாவட்டத்தில் நூற்றுக்கு இருவர்கூட வாக்களிக்கவில்லை. இரு முறையும் நம்மையும் ஆளும் ஆட்சி நம் வாக்கின்றியே அமைந்தது. மகனின் பயணச் செலவைக் கணக்கிடும் தாய் இதனையும் எண்ணிப் பார்ப்பாளாக.