200 ரூபாய் பாக்கி... தலைவர் நாற்காலிக்கே ஆபத்து! தெரியுமா?

பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் பறக்கும் சிக்ஸர்களை எண்ணியிருப்பீர்கள். அந்த மைதானத்தை ஆளும் சங்கத்தில் விழும் ஓட்டுகளை எண்ணியிருக்கிறீர்களா?

2025 டிசம்பர் 7. கர்நாடக மாநில கிரிக்கெட் சங்கத் தலைவர் தேர்தல். முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் வெங்கடேஷ் பிரசாத்துக்கு 749 ஓட்டு, பத்திரிகையாளர் கே.என். சாந்தகுமாருக்கு 558. இதில் என்ன அதிசயம்? சாந்தகுமாரின் வேட்புமனுவையே முதலில் தள்ளுபடி செய்துவிட்டார்கள்! காரணம், சந்தா பாக்கி. எவ்வளவு? இருநூறே ரூபாய்! எம்.ஜி. ரோட்டில் இரண்டு பேர் தோசையும் காபியும் சாப்பிட்டால்கூட அதற்கு மேல் ஆகும். உயர் நீதிமன்றம் வரை போன பிறகுதான் அந்த மனுவுக்கு உயிர் வந்தது.

ஓட்டு யாருக்கு? டிக்கெட் வாங்க வரிசையில் நிற்கும் நமக்கா? ஊஹூம்! கிளப்புகளுக்கும் ஆயுள் உறுப்பினர்களுக்கும்தான்.

இன்னொன்று கவனித்தீர்களா? இங்கே தலைவர் நாற்காலி பந்துவீச்சாளர்களுக்கு ராசியானது! 2010-இல் கும்ப்ளே தலைவர், ஸ்ரீநாத் செயலர். 2019-இல் ரோஜர் பின்னி, அவர் 2022-இல் பிசிசிஐ தலைவராகவே போனார். இப்போது பிரசாத். நடுவில் 2013 டிசம்பர் 1-இல் மைசூர் அரச வாரிசு ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜ உடையார் ஜெயித்தார். பாவம், பத்தே நாளில் காலமானார்.

இனி பிசிசிஐக்குள் எட்டிப் பாருங்கள், தலை சுற்றும். எட்டு முறை ரஞ்சிக் கோப்பை வென்ற கர்நாடகத்துக்கு ஓட்டு ஒன்று. மகாராஷ்டிரத்துக்கு? மூன்று! மும்பை, மகாராஷ்டிரா, விதர்பா என்று தனித்தனிச் சங்கங்கள். குஜராத்துக்கும் அதே மூன்று. ‘ஒரு மாநிலம், ஒரு ஓட்டு’ என்றது பிசிசிஐயைச் சீர்திருத்த உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு, 2016-இல் நீதிமன்றமும் அதை ஆமோதித்தது. 2018-இல் அதே நீதிமன்றம் பழைய ஓட்டுகளைத் திருப்பிக் கொடுத்தது. கூடவே யாருக்குக் கிடைத்தது தெரியுமா? ரயில்வே, ராணுவம், அப்புறம்... இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம்! ரஞ்சியில் ஒரு பந்துகூட வீசாத அமைப்பு, ஓட்டில் கர்நாடகத்துக்குச் சமம்! கல்லூரிப் பையன்களின் பெயரில் ஓர் ஓட்டு இருக்கட்டுமே, எனக்கு அதில் ஆட்சேபமில்லை.

ஓர் ஓட்டுதானே என்று இளக்காரமா? 2004-இல் பிசிசிஐ தலைவர் தேர்தலில் ரன்பீர் சிங் மகேந்திரா சரத் பவாரை வென்றது 16-15 கணக்கில். அந்தக் கடைசி ஓட்டு, பதவி முடிந்து கிளம்பிக்கொண்டிருந்த தலைவர் ஜக்மோகன் டால்மியாவின் தீர்மான ஓட்டு!

அமெரிக்கக் கல்லூரிகளின் கூத்து இதையும் மிஞ்சும். ‘பிக் டென்’ என்ற விளையாட்டுக் கூட்டமைப்பில் பதினெட்டுப் பல்கலைக்கழகங்கள்! ‘பாக்-12’ கூட்டமைப்பிலோ 2022, 2023-இல் பத்துப் பேர் வெளியேற முடிவெடுத்தார்கள். மிஞ்சியவை ஒரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இரண்டே. போகிறவர்களுக்கு இனி ஓட்டு எதற்கு என்று அந்த இரண்டும் வழக்குப் போட்டன, ஜெயித்தன, நிர்வாகம் மொத்தமும் கைக்கு வந்தது. அப்போது அங்கே 1-1 என்று ஓட்டு விழுந்திருந்தால்? ஒரு டால்மியாவைத்தான் தேடியிருக்க வேண்டும்!