அடுப்படிக் கணக்கு

நள்ளிரவு கடந்த பின்னும் கல்லில் பரோட்டா அடிபடுகிற ஓசையும், ஆவி பறக்கும் இட்லித் தட்டைச் சுற்றி நிற்கிற கூட்டமும் தெருவுக்குத் தெரு காணக் கிடைக்கிற மதுரை மாநகரத்தில், வீட்டில் சமைத்துச் சாப்பிட்டால் பணம் மிச்சமாகும் என்று ஒருவர் எழுத முற்படுவது சற்றே துணிச்சலான காரியந்தான். இவ்வூரில் ஓட்டல் என்பது பணக்காரர்களுக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. மூட்டை தூக்குகிறவரும், ஆட்டோ ஓட்டுகிறவரும், ஜவுளிக்கடைச் சிப்பந்தியும் அங்கேதான் பசியாறுகிறார்கள். ஆகையால், வெளியில் உண்பதை ஒரு குற்றமாகப் பாவிக்காமல், சாதாரணக் குடும்பம் ஒன்று தன் வரவுக்குள் வாழ்வதற்கு அடுப்படி எவ்வளவு தூரம் சகாயம் செய்யும், எந்த இடத்தில் செய்யாது என்று கணக்குப் பார்த்துச் சொல்வதே நியாயம்.

வருமானம் குறையக் குறைய அதில் உணவுக்குப் போகிற விகிதம் கூடிக்கொண்டே போகும் என்பதை ஜெர்மானியப் புள்ளியியல் அறிஞர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். மத்திய அரசு 2022-23இல் நடத்திய நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, இந்திய நகர்ப்புறக் குடும்பங்கள் தம் மொத்தச் செலவில் சுமார் 39 சதவீதத்தையும், கிராமப்புறக் குடும்பங்கள் சுமார் 46 சதவீதத்தையும் உணவுக்கே கொடுக்கின்றன. அதனினும் யோசிக்க வேண்டிய விஷயம், நகரத்தில் அரிசி கோதுமை முதலிய தானியங்களுக்கு ஆகும் தொகையைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு, பானங்களுக்கும் பலகாரங்களுக்கும் பிறர் சமைத்து வைத்த பண்டங்களுக்கும் போய்விடுகிறது என்பது. இவ்வகைச் செலவில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது.

இட்லியையே எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்தும் ஒரு கரண்டி வெந்தயமும் ஊறப்போட்டு ஆட்டினால், குறைந்தது ஐம்பது இட்லிக்கு மாவு காணும். இன்றைய விலையில் அரிசிக்கு 50 ரூபாய், உளுந்துக்கு 35 ரூபாய், மின்சாரம் எரிவாயு வகைக்கு ஒரு 15 ரூபாய் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், ஓர் இட்லியின் அடக்கவிலை இரண்டு ரூபாய்க்கு மேல் போகாது. நால்வர் கொண்ட குடும்பம் ஆளுக்கு நான்காகப் பதினாறு இட்லி உண்டால் 32 ரூபாய். அதற்குத் தோதான சட்னிக்கும் சாம்பாருக்கும் ஒரு 45 ரூபாய். அதே பதினாறு இட்லியை நடுத்தரமான கடையில் பத்து ரூபாய் வீதம் உண்டால் 160 ரூபாய். சரிபாதிக்கும் மேலே மிச்சம்! அதோடு, முதல் நாள் இட்லியாக வார்த்த மாவு மறுநாள் தோசையாகி, புளிப்பேறிய மூன்றாம் நாள் வெங்காயம் தூவிய ஊத்தப்பமாகவோ குழிப்பணியாரமாகவோ உருவெடுக்கும் வசதியும் இருக்கிறது. 2011ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸியும் கிரைண்டரும் வழங்கத் தொடங்கிய பிறகு, ஆட்டுக்கல்லோடு மல்லுக்கட்டும் நிர்ப்பந்தமும் பெரும்பாலான வீடுகளில் அற்றுப்போயிற்று.

ஆனால் மேற்படி கணக்கு, சாமானை எங்கே வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தே நிற்கும். தெருமுனைக் கடையில் அன்றாடம் நூறு கிராம் பருப்பும் ஐம்பது மில்லி எண்ணெயும் வாங்கிச் சமைக்கிற வீட்டுக்கு மிச்சத்தில் பெரும்பகுதி கடைக்காரரிடமே தங்கிவிடும். மளிகைக்குக் கீழமாசி வீதி, வெங்காயத்துக்குக் கீழமாரட் வீதி, காய்கறிக்கு மாட்டுத்தாவணி என்று மொத்த வியாபாரம் நடக்கிற இடங்கள் இவ்வூரில் பிரசித்தம். தனியொரு குடும்பத்துக்கு மூட்டைக்கணக்கில் தேவைப்படாதென்றால், அண்டை வீட்டார் இருவர் மூவராகச் சேர்ந்து வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

உழவர் சந்தை என்கிற ஏற்பாடே தமிழ்நாட்டில் முதன்முதல் தொடங்கியது மதுரை அண்ணா நகரில்தான். 1999ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் தேதி அன்றைய முதல்வர் மு.கருணாநிதி அதைத் திறந்து வைத்தார். அடையாள அட்டை பெற்ற விவசாயி, தரகும் கடை வாடகையும் இல்லாமல், தன் தோட்டத்துக் காயைத் தானே கொண்டுவந்து விற்கிறார்; அன்றன்றைய விலையை அதிகாரிகள், மொத்த விலைக்குச் சற்று மேலும் சில்லறை விலைக்குச் சற்றுக் கீழுமாக நிர்ணயித்துப் பலகையில் எழுதி வைக்கிறார்கள். பொழுது விடிகிற நேரத்திலேயே போய்விட்டால் பனி உலராத கீரைக்கட்டும், காம்பு பச்சையாய் நிற்கிற கத்தரிக்காயும் கிடைக்கும். வெயில் ஏறியபின் போகிறவருக்கு வாடலும் சொத்தையும் எஞ்சி நிற்கும். சொத்தைக் கத்தரிக்காயில் பாதியை அரிந்து எறிந்துவிட்டு, விலை மலிவு என்று மகிழ்வதில் என்ன பிரயோஜனம்?

ரேஷன் கடையை இளப்பமாகப் பார்க்கும் மனோபாவமும் நடுத்தரக் குடும்பங்களுக்கு வேண்டாத ஒன்று. 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் வழங்கப்படுகிறது; சந்தையில் நூறு ரூபாய்க்கு மேல் விற்கிற துவரம் பருப்பு அங்கே கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். ரேஷன் புழுங்கலரிசியை நன்றாகக் களைந்து, இட்லி அரிசியோடு சரிபாதி கலந்து ஆட்டுகிற வழக்கம் மதுரை வட்டாரத்து வீடுகளில் உண்டு; பக்குவம் தெரிந்தவர் கையில் இட்லி மல்லிகைப் பூவாகவே வரும்.

பருவமறிந்து வாங்குவதும் இத்தகைய சாமர்த்தியமே. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, ரசத்துக்கும் குழம்புக்கும் புளியை நம்பியிருந்த வீடுகள் கலங்கவில்லை. பங்குனி, சித்திரை மாதங்களில் இந்நகரத்தை வறுத்தெடுக்கிற வெயிலையே மூலதனமாக்கி, மலிந்து கிடக்கிற சுண்டைக்காயையும் கொத்தவரங்காயையும் மிளகாயையும் மோரில் ஊறவைத்து மொட்டைமாடியில் உலர்த்திச் சம்படத்தில் அடைத்துவிட்டால், காய் விலை ஏறும் ஐப்பசி மழைக்காலத்தில் ஒரு வேளைக் குழம்புக்கு வழி பிறந்துவிடும். இரவில் மிஞ்சிய சோற்றுக்கு நீரூற்றி வைத்தால் காலையில் சின்ன வெங்காயத்தோடு ஒரு நேரம் கழியும்; அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துதான் தீர வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கமாட்டேன். மைதாவை அடித்து வீசி மடித்துப் பரோட்டா போடுவது கைதேர்ந்த மாஸ்டரின் வித்தை; வீட்டில் அதை முயன்றால் எண்ணெயும் நேரமும் விரயமாகி, கடைசியில் வறட்டு ரொட்டிதான் மிஞ்சும். ஜிகர்தண்டாவும் அப்படியே. மாநகராட்சி நடத்துகிற அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்குத் தருகிற இட்லியை எந்த வீட்டு அடுப்பும் விலையில் வெல்ல முடியாது. வேலைக்குப் போகும் தனியாள் அங்கே காலைப் பசியாறுவதே சிக்கனம். பள்ளிக் குழந்தைகளுக்கான காலை உணவுத் திட்டமும் 2022 செப்டம்பர் 15 அன்று இதே மதுரையில், ஒரு மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கிற்று. உண்மையில் பணப்பையை அரிப்பது கைபேசிச் செயலியில் தருவிக்கிற சாப்பாடு: பண்டத்தின் விலைக்கு மேல் டப்பாவுக்கு ஒரு தொகை, கொண்டுவந்து கொடுப்பதற்கு ஒரு தொகை, வரி வேறு. அலுத்து வருகிற மாலையில் அதில் விரல் வைக்காதவர் யார்?

அந்த அலுப்புத்தான் இந்தக் கணக்கில் யாரும் எழுதாத இனம். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷமும், அவ்வாறு ஈடுபடும் ஆண்கள் 97 நிமிஷமும் செலவிடுவதாகக் காட்டியது. இரண்டு ரூபாய் இட்லியின் அடக்கவிலையில், உளுந்து களைந்தவருக்கும், மாவு கரைத்து வைத்தவருக்கும், தட்டுக் கழுவியவருக்கும் ஒரு காசும் சேர்க்கப்படவில்லை. வெளியே வேலைக்கும் போய்விட்டு வருகிற ஒரு பெண்ணின் முதுகில் மூன்று வேளைச் சமையலையும் ஏற்றிவைத்து, மாதக் கடைசியில் மிஞ்சிய தொகையைக் குடும்பத்தின் சாமர்த்தியம் என்று கொண்டாடுவது அநியாயம்.

ஆதலால், வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற மாதம் முதல் தேதியிலிருந்து ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு, வீட்டுச் சமையலுக்கு ஆன செலவையும் வெளிச் சாப்பாட்டுக்குக் கொடுத்ததையும், காபி வடை உட்பட, அன்றன்றே எழுதி வாருங்கள். காய் வாங்குவது, நறுக்குவது, மாவு ஆட்டுவது ஆகிய மூன்றில் இரண்டையாவது வீட்டு ஆண்கள் ஏற்றுக்கொள்ளட்டும்.