ஆசிரியர் மாநாட்டில் பிறந்த நூலக விதிகள்

1928 டிசம்பர். சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில், மீனாட்சி கல்லூரியில் மாகாணக் கல்வி மாநாடு கூடியிருந்தது. ஆசிரியர்கள் திரண்டிருந்த அந்த அவையில் 36 வயதுக்காரர் ஒருவர் எழுந்து நூலகத்தைப் பற்றிப் பேசினார். நூலகம் நடத்துவதற்கும் விதிகள் உண்டு, அவை மொத்தம் ஐந்து என்றார்.

அவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். இன்று பல நாடுகளில் நூலகவியல் படிப்பின் தொடக்கத்திலேயே சொல்லித்தரப்படும் அந்த ஐந்து விதிகளையும் பொது அவையில் முதலில் கேட்டவர்கள் நம்மூர் ஆசிரியர்கள்!

ரங்கநாதனும் கணக்கு வாத்தியாராக இருந்தவர்தான். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். ஆளரவமற்ற அறையில் சில நாள் உட்கார்ந்ததுமே மனம் வெறுத்து, வகுப்பறைக்கே திரும்பிவிடத் துடித்தார். 'முதலில் லண்டன் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், பிறகு முடிவு செய்யலாம்' என்று அனுப்பி வைத்தார்கள். அங்கே கிராய்டன் நகர நூலகர் பெர்விக் சேயர்ஸின் வழிகாட்டுதல் கிடைத்தது. பல ஊர்களின் நூலகங்களை நேரில் பார்த்தார். குழந்தைகளும் தொழிலாளிகளும் புத்தகம் எடுத்துப் போவதைக் கண்டவருக்கு, அதன்பின் வகுப்பறை ஞாபகமே வரவில்லை.

ஊர் திரும்பியபின், கண்டதையெல்லாம் சில விதிகளுக்குள் அடக்க முயன்றபோது முதல் விதியே பிடிபடாமல் நழுவியது. அப்போது கைகொடுத்தவரும் ஓர் ஆசிரியர்தான். சென்னை கிறித்தவக் கல்லூரியில் ரங்கநாதனுக்குக் கணிதம் கற்பித்த பேராசிரியர் எட்வர்ட் ராஸ், மாணவரின் தவிப்பைக் கேட்டுவிட்டு, புத்தகம் இருப்பதே பயன்படுத்தத்தானே என்ற பொருளில் ஒரே வரியில் முடித்துக் கொடுத்தார். மற்ற நான்கும் அதன் பின்னாலேயே வரிசை கட்டி வந்துவிட்டன.

பேச்சோடு கலைந்துவிடாமல் காரியத்திலும் இறங்கியது அந்தத் தலைமுறையின் பெருமை. 1928-ல் தொடங்கிய சென்னை நூலகச் சங்கம், மறு ஆண்டே நூலகர்களுக்குக் கோடைக்காலப் பயிற்சிப் பள்ளி நடத்தியது. 1931-ல் அதைப் பல்கலைக்கழகம் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டது. ஐந்து விதிகளை விளக்கும் நூலை அதே ஆண்டில் பதிப்பித்ததும் அந்தச் சங்கமே. மன்னார்குடிக்கு அருகே மேலவாசலிலிருந்து மாட்டு வண்டியில் புத்தகங்கள் கிராமம் கிராமமாகப் புறப்பட்டதும் 1931-ல்தான்.

சட்டம் வரத்தான் இருபது ஆண்டுகள் ஆயின. கல்வி அமைச்சராக இருந்த தி.சு. அவினாசிலிங்கம் காலத்தில், 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. சொத்துவரியோடு சிறு தொகை நூலக வரியாகச் சேர்ந்தது. நாம் இன்றும் செலுத்திவரும் வரி அது.

ஆசிரியரும் நூலகரும் கைகோத்த இந்த முயற்சியில் எழுத்தாளரின் பங்கு என்ன என்பதற்கும் அவினாசிலிங்கத்தின் வாழ்க்கையிலேயே சான்று உண்டு. அவர் 1946-ல் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகம் 'கலைக்களஞ்சியம்' கொண்டுவர முனைந்தபோது, முதன்மை ஆசிரியர் பொறுப்பு பெ. தூரனிடம் வந்தது. தூரன் கவிஞர், இசைப்பாடல் ஆசிரியர், பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். துறை துறையாக அறிஞர்களைத் தேடிப்பிடித்து எழுத வைத்தார். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள் வந்தன. அடுத்து, குழந்தைகளுக்கென்றே இன்னொரு பத்துத் தொகுதிகள். நூலக அலமாரிகள் கேட்ட புத்தகம், வகுப்பறையை அறிந்த ஓர் எழுத்தாளரின் கையால் உருவானது.

பொது நூலகங்களுக்கெனத் தனி இயக்ககம் 1972-ல் அமைந்தது. அதன் இயக்குநராக வந்த வே. தில்லைநாயகம் நூலகப் பயிற்சி பெற்றவர், நூலகவியலைத் தமிழில் எழுதியவர். அந்த இயக்ககம் இன்றும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ்தான் இயங்குகிறது. 2022-ல் தொடங்கி பொருநை, வைகை, காவிரி, சிறுவாணி என ஆறுகளின் பெயரால் நடந்த இலக்கியத் திருவிழாக்களும் அந்த இயக்ககமும் பள்ளிக் கல்வித் துறையும் எடுத்த முயற்சியே. எழுத்தாளர்கள் மேடையேறினார்கள், மாணவர்கள் திரளாக வந்து கேட்டார்கள். மனம் நிறைந்த காட்சி அது.

ஆனால், மேடைக்குக் கீழே நடக்க வேண்டிய உரையாடல் இன்னும் பாக்கி இருக்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளை எந்தப் புத்தகத்தைப் பாதியில் மூடி வைக்கிறது என்பது ஆசிரியருக்குத் தெரியும். எது அட்டை கிழியும்வரை கைமாறுகிறது என்பது நூலகருக்குத் தெரியும். எழுதுகிறவரின் காதுக்கு இவ்விரண்டும் எட்டுவதே அரிது.

இதற்குப் புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை. ஊர் நூலகங்களில் வாசகர் வட்டங்கள் இருக்கின்றன. ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வார விழா நடக்கிறது. இந்த முறை பொன்னாடைகளைக் குறைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். பிள்ளைகள் கேட்டு, அலமாரியில் இல்லாமல்போன புத்தகங்களின் பட்டியலை ஆசிரியரும் நூலகரும் எடுத்து வரட்டும். பக்கத்து ஊர் எழுத்தாளர் அதை வாங்கிப் படித்துப் பார்க்கட்டும்.