‘மே’ என்னும் வினைச்சொல்

ஆங்கில பாஷையில் ‘மே’ என்றொரு சிறு வினைச்சொல் உண்டு. மழை பெய்யலாம் என்னும் ஐயத்திற்கும் அதுவே. மாணாக்கன் வீடு செல்லலாம் என்று உபாத்தியாயர் தரும் அனுமதிக்கும் அதுவே. நீடூழி வாழ்க என்னும் ஆசிக்கும் அதுவே. நமது ‘லாம்’ என்பது முதலிரண்டு பொருளையும் தாங்கும். மூன்றாவதற்கு வியங்கோளை நாட வேண்டும்.

நியாயஸ்தலத்தில் நான்காவது பொருளொன்றும் உண்டு. பொது நன்மையின் பொருட்டுச் சட்டம் ‘செய்யலாம்’ என்று கூறினால், அது ‘செய்தே தீரவேண்டும்’ என்பதேயாம் என்று 1693-ம் வருஷத்தில் பார்லோ வழக்கில் இங்கிலாந்து நீதிபதிகள் கொண்டனர். வக்கீல்களாகிய நமக்கு இத்தகைய ஐயங்கள் வரும்படி தருவன. ஜனங்களுக்கோ வேறு விதம்.

1963-ல் ஆட்சிமொழி மசோதா பாராளுமன்றத்திற்கு வந்தது. 1965 ஜனவரி 26-ந் தேதி முதல் ஹிந்தியோடு ஆங்கிலமும் தொடர்ந்து உபயோகிக்கப்பட‘லாம்’ என்றது அதன் மூன்றாவது பிரிவு. ஹிந்தி பேசாத மக்கள் வேண்டுமளவும் ஆங்கிலம் நீடிக்கும் என்று 1959-ல் நேரு வாக்களித்திருந்தார். அவ்வுறுதி இச்சொல்லில் அடங்கவில்லை என்று ராஜ்ய சபையில் அண்ணாதுரை எதிர்த்தார். ‘லாம்’ என்பது ‘படாமலும் இருக்கலாம்’ என்றும் ஆகுமன்றோ? இவ்விடத்தில் ‘மே’ என்பதற்குக் கட்டாயத்தைக் குறிக்கும் ‘ஷல்’ என்பதே பொருள் என்றார் பிரதம மந்திரி. அவர் உள்ளத்தில் வஞ்சகம் இருந்ததென்று நாம் கருதவில்லை. ஆனால் இரண்டும் ஒன்றேயாயின், ஒன்றை அடித்து மற்றதை எழுதுவதில் என்ன நஷ்டம்? சொல் மாறாமலே மசோதா சட்டமாயிற்று. ராஷ்டிரபதியின் சம்மதம் கிடைத்த மாதமும் மே மாதமே!

1964-ல் நேரு காலமானார். அவர் கூறிய வியாக்கியானம் சட்டப் புத்தகத்தில் இல்லை. சொல் மட்டுமே இருந்தது. 1965 ஜனவரியில் சென்னை ராஜ்யத்து மாணாக்கர் வீதிக்கு வந்தனர். துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. தீக்குளித்து மாண்டோரும் உண்டு. பிப்ரவரி 11-ந் தேதி லால் பகதூர் சாஸ்திரி ரேடியோவில் பேசி, நேருவின் வாக்குறுதிகள் காப்பாற்றப்படும் என்றார். அதுவும் வாய்ச்சொல்லே.

1967 டிசம்பரில்தான் பாராளுமன்றம் திருத்தம் செய்தது. ஹிந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத ராஜ்யத்தோடு மத்திய சர்க்கார் நடத்தும் கடிதப் போக்குவரத்தில் ஆங்கிலம் உபயோகிக்கப்படல் ‘வேண்டும்’ என்று ‘ஷல்’ ஏறியது. ஹிந்தியை ஏற்காத ராஜ்யங்களின் சட்டசபைகள் யாவும் தீர்மானித்து, பின்னர் பாராளுமன்றத்தின் இரு சபைகளும் தீர்மானித்தாலன்றி இவ்வேற்பாடு நீங்காது என்றும் விதிக்கப்பட்டது. சட்டப் புத்தகம் கையிலுள்ள நேயர்கள் மூன்றாவது பிரிவைப் புரட்டிப் பார்க்கட்டும்: ‘ஷல்’ நிற்பது பின்சேர்த்த நிபந்தனையில், அதற்கு மேலுள்ள மூல வாக்கியத்தில் பழைய ‘மே’ இன்றும் அப்படியே இருக்கிறது.