லிமிட் கணக்கு: மதிப்பைப் போட்டால் மட்டும் போதுமா?

பிளஸ் 1 கணக்கில் லிமிட் என்றாலே பலருக்குப் பயம். ஆனா மேலேயும் கீழேயும் பல்லுறுப்புக்கோவை இருக்கும் விகிதமுறு சார்பு வந்தால், முதலில் பகுதியைப் பாருங்க. உதாரணத்துக்கு (எக்ஸ்² + 1) / (எக்ஸ் + 3). எக்ஸ் 2-ஐ நெருங்கும்போது பகுதி 5, பூஜ்ஜியம் இல்லை. அப்படியே 2-ஐப் பிரதியிடலாம். 5/5, விடை 1. அவ்வளவுதான்.

சிக்கலே (எக்ஸ்² − 4) / (எக்ஸ் − 2) மாதிரி கணக்கில்தான். 2-ஐப் போட்டால் 0/0. உடனே 'விடை 0' அல்லது 'எல்லை இல்லை' என்று எழுதி மார்க்கை விடுறாங்க. ரெண்டுமே தப்பு! 1.99 போட்டால் 3.99 வருது, 2.01 போட்டால் 4.01. மேலே காரணிப்படுத்தி (எக்ஸ் − 2)-ஐ அடிச்சிட்டா மிச்சம் எக்ஸ் + 2. இப்போ 2-ஐப் போடுங்க, விடை 4. எக்ஸ் 2-ஐ நெருங்குதே தவிர 2 ஆகலை, அதனாலதான் அடிக்க முடியுது.

கீழே மட்டும் 0 வந்தால்? அங்கே எண்ணாக ஒரு எல்லை மதிப்பு கிடையாது.