கதவைத் தட்டக் கட்டணமா?

பசித்தவன் ஒரு வீட்டு வாசலில் போய் நிற்கிறான். "சோறு உண்டா இல்லையா என்பதைப் பிறகு சொல்கிறேன். கதவைத் தட்டினாயே, அதற்குக் காசை வை முதலில்!" என்கிறான் வீட்டுக்காரன். இப்படியும் ஒரு வீடு இருக்குமா என்று கேட்பீர்கள். வீடு அல்ல தோழர்களே, ஒரு நாட்டு அரசாங்கமே இப்படி நடந்தது! பாராளுமன்ற ஜனநாயகத்துக்குத் தாய்வீடு நாங்களே என்று மார்தட்டிக்கொள்ளும் பிரிட்டன்தான் அந்த நாடு. அங்கே காசு வாங்க வாசலில் ஆள் நிற்கவில்லை. தொலைபேசி எண்ணே அந்த வேலையைச் செய்தது.

எண் எப்படிக் காசு வாங்கும்? அதைத்தான் பாட்டாளித் தோழர்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

பிரிட்டனிலே சாதாரணத் தொலைபேசி எண் 01 அல்லது 02 என்று தொடங்கும். அந்த எண்ணைப் பார்த்தாலே ஊர் தெரியும். 020 என்றால் லண்டன். 0161 என்றால் மான்செஸ்டர். 0141 என்றால் கிளாஸ்கோ. இவை ஊர் சார்ந்த எண்கள். இன்னொரு வகை உண்டு. அந்த எண்ணுக்கு ஊர் இல்லை. கூப்பிடுகிறவன் எங்கிருந்து கூப்பிட்டாலும், நிறுவனம் தன் அலுவலகம் எங்கே இருக்கிறதோ அங்கே அழைப்பைத் திருப்பிக்கொள்ளும். நாடு முழுவதற்கும் ஒரே எண். வசதியான ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வசதிக்குப் பின்னே ஒரு வணிகமும் வளர்ந்தது.

0845 என்று தொடங்கும் எண்ணுக்கு 'உள்ளூர்க் கட்டணம்' என்று பெயர் வைத்தார்கள். 0870 எண்ணுக்கு 'தேசியக் கட்டணம்' என்றார்கள். பெயர் வைத்த நாளில் அதில் உண்மை இருந்தது. பின்னர் சாதாரண அழைப்புகளின் விலை சரிந்தது. மாதம் இவ்வளவு பணம் கட்டினால் இத்தனை நிமிடம் பேசலாம் என்ற திட்டங்கள் வந்தன. 01, 02 எண்களுக்கு அந்த நிமிடங்கள் செல்லும். 0845க்கும் 0870க்கும் பெரும்பாலும் செல்லா! அவற்றுக்குத் தனிக் காசு. செல்போனிலிருந்து கூப்பிட்டால் அதைவிடக் கூடுதல் காசு. பெயரோ அதே 'உள்ளூர்க் கட்டணம்'! சரக்கு மாறிய பிறகும் பலகையை மாற்றாத கடை அது.

அந்தக் காசு போன இடத்தைப் பாருங்கள். தொலைபேசிக் கம்பெனி ஒரு பங்கை எடுத்துக்கொண்டது. மறுபக்கம் அழைப்பைக் கொண்டு சேர்த்த கம்பெனிக்கு ஒரு பங்கு. அதிலிருந்து, அழைக்கப்பட்ட நிறுவனமும் பங்கு பெற வழி இருந்தது. "சற்றுக் காத்திருக்கவும்" என்று இசைத்தட்டைப் போட்டுவிட்டு உங்களை நிற்க வைப்பவனுக்கு, நீங்கள் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் வருமானம்! வரிசையைக் குறைக்க அவனுக்கு அக்கறை எங்கிருந்து வரும்?

இந்த அநீதிக்கு மாற்றாகத்தான் 2007ஆம் ஆண்டிலே, பிரிட்டனின் தகவல் தொடர்பு ஒழுங்காணையமான ஆஃப்காம், 03 என்று தொடங்கும் புதிய எண் வரிசையைத் திறந்தது. அதற்கு விதித்த விதிகள் கவனிக்கத்தக்கவை. 03 எண்ணுக்குக் கூப்பிட 01, 02 எண்ணுக்கு ஆகும் கட்டணத்துக்கு மேல் வாங்கக் கூடாது. மாதத் திட்டத்து நிமிடங்கள் இதற்கும் செல்ல வேண்டும். வீட்டுத் தொலைபேசியானாலும் செல்போனானாலும், தெருவோரக் காசுத் தொலைபேசியானாலும், எந்தக் கம்பெனியின் இணைப்பானாலும் விதி ஒன்றே. அழைப்பு வருமானத்தில் பங்கு கொடுப்பதும் கூடாது, வாங்குவதும் கூடாது. 0300 வரிசையை அரசுத் துறைகளுக்கும் இலாப நோக்கமற்ற அமைப்புகளுக்கும் ஒதுக்கினார்கள். 0845 வைத்திருந்தவர் 0345க்கும், 0870 வைத்திருந்தவர் 0370க்கும் மாறலாம். மற்ற இலக்கங்கள் அப்படியே இருக்கும். மாற்ற வேண்டியது ஒரே ஓர் இலக்கம்!

புதிய எண்ணை அறிவித்துவிட்டால் மட்டும் மணி அடித்துவிடாது. ஒவ்வொரு கம்பெனியின் இணைப்பகமும் அந்த எண்ணை அறிந்து, அழைப்பை உரிய வழியில் அனுப்ப வேண்டும். கணக்கெழுதும் இயந்திரமும் அதைச் சாதாரண அழைப்பாகவே எழுத வேண்டும். முதலாவது தவறினால் அழைப்பு போகாது. இரண்டாவது தவறினால் பணம் போய்விடும். அதனால்தான் எந்தக் கம்பெனிக்கும் விதிவிலக்கு வைக்காமல் விதி எழுத வேண்டியதாயிற்று.

ஒரே ஓர் இலக்கம்தானே, எல்லோரும் உடனே மாற்றிவிட்டார்களா? இல்லை! மாறலாம் என்றார்களே தவிர, மாறியே தீரவேண்டும் என்று சொல்லவில்லை. 2013ஆம் ஆண்டு ஜூலையில் பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்கெடுத்தது. மத்திய அரசுத் துறைகளின் தொலைபேசி எண்களில் மூன்றில் ஒரு பங்கு இன்னமும் கூடுதல் கட்டண எண்களே என்று கண்டது. 2012-13இல் அந்த எண்களைக் கூப்பிட்ட மக்கள் செலவழித்தது ஏறத்தாழ 5 கோடியே 60 லட்சம் பவுன்! வரி கட்ட வழி கேட்டவர்கள், உதவித் தொகை ஏன் வரவில்லை என்று கேட்டவர்கள், இவர்கள் கொடுத்த காசு அது. அந்த வெளிச்சம் பட்ட பிறகே காரியம் வேகம் பிடித்தது. வருமான வரித்துறை 0300க்கு மாறியது. உதவித் தொகை வழங்கும் துறை 0345க்கு மாறியது.

அத்தோடு கதை முடிந்ததா? இல்லை. இனிமேல்தான் பாடமே இருக்கிறது.

03 விதி சொல்வதென்ன? 'சாதாரண அழைப்புக்கு என்ன விலையோ அதுதான்' என்பது. மாதத் திட்டம் வாங்க வசதி உள்ளவனுக்கு அது நல்ல விதி. அவனுக்குத் தனிச் செலவே இல்லை. முன்பணம் போட்டுப் பேசுகிற ஏழைக்கோ சாதாரண அழைப்பே விலை கூடியது! 2017இல் பல உதவித் தொகைகளை ஒன்றாக்கிய 'யூனிவர்சல் கிரெடிட்' திட்டம் பரவியபோது இந்த உண்மை வெடித்தது. அந்தத் திட்டத்தில் விண்ணப்பித்தவர் முதல் தொகைக்கு அன்று ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். கையில் காசில்லை, என்ன ஆயிற்று என்று கேட்க 0345 எண். முன்பண செல்போனில் அதற்கு நிமிடத்துக்கு 55 பென்ஸ் வரை ஆயிற்று. அந்த ஆண்டு 25 வயதுக்கு மேற்பட்ட தொழிலாளிக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு ஏழரைப் பவுன். கணக்குப் போடுங்கள்: பதினான்கு நிமிடம் காத்திருந்தால், ஒரு மணி நேர உழைப்பின் கூலி காற்றோடு போயிற்று!

"எங்களுக்கு இதில் ஒரு பென்னியும் வருவதில்லை, இது சாதாரணக் கட்டணம்தான்" என்றது அரசாங்கம். அது பொய்யல்ல. ஆனால் வாங்குபவன் யார் என்பதா கேள்வி? கொடுப்பவன் யார், அவன் வயிறு நிறைந்திருக்கிறதா என்பதல்லவா கேள்வி! 2017 அக்டோபர் 11ஆம் நாள், தொழிற்கட்சித் தலைவர் ஜெரமி கார்பின் பாராளுமன்றத்திலே பிரதமரை நோக்கி இதைக் கேட்டார். ஒரே வாரம். அக்டோபர் 18ஆம் நாள் அரசாங்கம் இறங்கி வந்தது. அந்த அழைப்பு இலவசமாகும் என்று அறிவித்தது. ஆண்டுக்கணக்கில் முடியாதது ஏழே நாளில் முடிந்தது என்றால், தடையாக நின்றது இயந்திரமா, மனமா?

இலவச எண்ணிலும் ஓர் ஓட்டை இருந்ததை மறக்கக் கூடாது. 0800 எண் வீட்டுத் தொலைபேசிக்குத்தான் இலவசம்; செல்போனுக்கு இல்லை. வீட்டு இணைப்புக்கு மாதக் கட்டணம் கட்ட முடியாமல் செல்போனை மட்டும் வைத்திருந்தவனே இலவச அழைப்புக்குக் காசு கொடுத்தான்! 2015 ஜூலை 1 முதல்தான் அந்த அநியாயம் ஒழிந்தது. அவசரமில்லாத காரியங்களுக்குக் காவல்துறையை அழைக்கும் 101 எண்ணுக்கு, ஓர் அழைப்புக்கு 15 பென்ஸ் என்று வாங்கிக்கொண்டிருந்தது நின்றது 2020 ஏப்ரலில்.

இதிலே நாம் அறிய வேண்டியது ஒன்று. 'எல்லோருக்கும் ஒரே விலை' என்பது சமத்துவம் போலக் காட்சி தரும். வசதி உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் அந்த ஒரே விலை ஒரே பாரமாக இருப்பதில்லை. 03 எண் ஒரு முன்னேற்றம்தான். கொள்ளைப் பங்கை ஒழித்தது அது. ஆனால் அரசாங்கத்தின் கதவைத் தட்டுவது குடிமகனின் உரிமை. உரிமைக்கு நியாய விலை என்று ஒன்று கிடையாது.

ஆகவே தோழர்களே, எந்த அலுவலகமாவது ஓர் எண்ணை நீட்டி "இதில் கேளுங்கள்" என்றால், பதிலைக் கேட்பதற்கு முன்னே நீங்கள் ஒன்று கேளுங்கள்: இந்த அழைப்புக்கு யார் காசு கொடுக்கிறார்கள்? கேட்கிறவர்கள் இருக்கும் இடத்திலேதான் விதிகள் மாறியிருக்கின்றன.